சிங்கப்பூர் ஆறும் நகர மையமும்: மறுசீரமைப்பு – முக்கியக் குறிப்புகள்

நகரமயமாதல், நீர் மேலாண்மை, மறுகுடியமர்வு, பாரம்பரியப் பாதுகாப்பு ஆகிய நான்கு தலைப்புகளுக்கும் சிங்கப்பூர் ஆறு ஒன்றே எடுத்துக்காட்டாக நிற்கும். ஆண்டுகளையும் எண்களையும் மனப்பாடம் செய்வதற்கு முன் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுத் திட்டத்தின் பெரும்பகுதி வேலை கரையிலும் நீர்ப்பிடிப்பு நிலத்திலும்தான் நடந்தது. தூர்வாரியது கடைசிக் கட்டம். அழகுபடுத்தியது அதற்கும் பிறகு. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை வந்தது என்று தெரிந்துவிட்டால் ஆண்டுகள் தாமாகவே நினைவில் நிற்கும்.

1. ஒரு பார்வையில்

• ஆற்றின் நீளம்: சுமார் 3.2 கி.மீ. மேற்பகுதி அலெக்சாண்ட்ரா கால்வாய். கிம் செங் பாலத்துக்கு அருகிலிருந்து சிங்கப்பூர் ஆறு என்று பெயர்.
• சேருமிடம்: மரினா விரிகுடா. 2008 முதல் அது மரினா நீர்த்தேக்கத்தின் பகுதி.
• மூன்று படகுத்துறைகள், கழிமுகத்திலிருந்து மேல்நோக்கி: போட் கீ, கிளார்க் கீ, ராபர்ட்சன் கீ.
• தூய்மைப்படுத்தும் திட்டம்: 1977 முதல் 1987 வரை.
• திட்டத்தில் சேர்ந்தவை: சிங்கப்பூர் ஆறு, காலாங் வடிநிலம் இரண்டும். இவற்றின் நீர்ப்பிடிப்பு நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.
• செலவு: ஏறத்தாழ 30 கோடி சிங்கப்பூர் வெள்ளி.
• முன்னெடுத்த பிரதமர்: லீ குவான் இயூ.
• பணியை ஒருங்கிணைத்த அமைச்சு: சுற்றுச்சூழல் அமைச்சு (1972-இல் அமைந்தது).

2. வரலாற்றுப் பின்னணி

• 1819 ஜனவரி: ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் ஆற்றின் கழிமுகத்தில் வந்திறங்கினார். 1819 பிப்ரவரி 6: ஜோகூர் அரச குடும்பத்துடன் ஒப்பந்தம்.
• 1822: ராஃபிள்ஸ் நகரத் திட்டம் வகுக்கப்பட்டது. இதை ஜாக்சன் திட்டம் என்றும் சொல்வர். வரைபடம் தயாரித்தவர் பிலிப் ஜாக்சன். வடகரை அரசு அலுவலகங்களுக்கு, தென்கரை வணிகத்துக்கு என்ற பிரிவினை இதிலிருந்து வந்தது. இனவாரியாகக் குடியிருப்புகளும் ஒதுக்கப்பட்டன. இந்தியர்களுக்கான பகுதியின் பெயர் சூலியா கம்போங்.
• தென்கரை சதுப்பு நிலமாக இருந்தது. அருகிலிருந்த குன்றை வெட்டி, அந்த மண்ணால் சதுப்பைத் தூர்த்தே போட் கீ உருவானது. குன்று இருந்த இடம் கமர்ஷியல் ஸ்குவேர் ஆனது. 1858-இல் அதற்கு ராஃபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் மாறியது. இன்றைய நிதி மையத்தின் கரு இதுதான்.
• போட் கீ அருகே ஆறு வளைந்து அகலும் பகுதியைக் கெண்டை மீனின் வயிறாகச் சீன வணிகர்கள் கண்டனர். அங்கே கடை வைத்தால் செல்வம் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை.
• 1843: கழிமுகத்திலிருந்த ‘சிங்கப்பூர்க் கல்’ என்ற பழங்கல்வெட்டு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் துண்டு ஒன்று தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.
• 1867 ஏப்ரல் 1: நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து, நேரடியாகப் பிரிட்டிஷ் முடியரசின் கீழ் வந்தன. அதுவரை சிங்கப்பூரின் தலைமை நிர்வாகம் கல்கத்தாவில் இருந்தது.
• 1869: கேவனா பாலம். ஆற்றின் மீது பழைய வடிவிலேயே நிற்கும் மிகப் பழைய பாலம். இந்திய நிர்வாகத்தின் கீழ் இருந்த கடைசி ஆளுநர் வில்லியம் ஆர்ஃபியர் கேவனாவின் பெயரால் அமைந்தது.
• ஆண்டர்சன் பாலம் 1910, எல்ஜின் பாலம் 1929. இம்மூன்று பாலங்களும் 2019-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன.

3. ஆற்றங்கரையில் தமிழர்

• தொடக்க காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்குப் படகு ஓட்டியவர்களில் பெரும்பான்மையோர் தென்னிந்தியர். ஏறத்தாழ 1860-கள் வரை அவர்கள் கை ஓங்கியிருந்தது. பிறகு அத்தொழில் சீனர் வசம் சென்றது.
• சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் ‘சூலியா’ எனப்பட்டனர். சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசலின் தொடக்கம் 1826.
• அதே சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827-இல் நிறுவப்பட்டது. முன்னின்றவர் நாராயண பிள்ளை. இவர் 1819-இல் ராஃபிள்ஸுடன் வந்தவர்.
• மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. கீழ்த்தளத்தில் பெட்டியடிகள் (பணப்பெட்டி வைத்து அமரும் இடங்கள்) வரிசையாக இருக்கும். வட்டித்தொழில் அங்கே நடக்கும். வங்கிகள் கடன் தரத் தயங்கிய சிறு வணிகருக்கும் அங்கே கடன் கிடைத்தது. நகர மையம் வானளாவிய கட்டடங்களாக மாறியபோது அந்தக் கிட்டங்கிகள் மறைந்தன.
• சூலியா ஸ்ட்ரீட் என்ற பெயர் மட்டும் நிலைத்தது. அத்தெருவில் இப்போது நிற்பது ஐ.எம். பெய் வடிவமைத்து 1976-இல் முடிந்த 52 மாடி ஓ.சி.பி.சி. சென்டர்.

4. ஆறு கெட்டது எப்படி?

• 1970-களில் நீர் கறுத்து, நாற்றம் வீசி, கழிமுகத்தை அண்டிய பகுதியில் மீனினமே அற்றுப்போயிருந்தது.
• கழிவு எங்கிருந்து வந்தது என்பதைப் பட்டியலாகப் படியுங்கள். இதே பட்டியல்தான் பின்னர் திட்டத்தின் வேலைப் பட்டியலாக மாறியது.
 – சாக்கடை இணைப்பு இல்லாத கம்போங் (மலாய்ச் சிற்றூர்) குடியிருப்புகளும் நெரிசலான கடைவீடுகளும்
 – காலாங் வடிநிலத்தில் 610 பன்றிப் பண்ணைகள், 500 வாத்துப் பண்ணைகள்
 – மிச்சமான உணவையும் கழுவிய நீரையும் வடிகாலில் கொட்டிய தெருவோர அங்காடிக்காரர்கள்
 – எண்ணெயும் கழிவும் கசியவிட்ட பட்டறைகள், குடிசைத் தொழில்கள், படகு கட்டும் தளங்கள்
 – ஆற்றில் நெருக்கியடித்து நின்ற நூற்றுக்கணக்கான சரக்குப் படகுகள் (டோங்காங், துவாக்கோ)
• பெரிய ஆலைகள் இதில் முதன்மைக் காரணமல்ல. ஆயிரக்கணக்கான சிறு கழிவு மூலங்கள் சேர்ந்து செய்த கேடு இது. ஓர் ஆலையை மூட ஓர் ஆணை போதும். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை நகர்த்த வீடு வேண்டும். திட்டத்துக்குப் பத்தாண்டு பிடித்ததன் காரணம் இங்கே இருக்கிறது.

5. முன்தயாரிப்பு: 1977-க்கு முந்தைய சட்டங்களும் நிறுவனங்களும்

• 1960 பிப்ரவரி 1: வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தொடக்கம்.
• 1966: நிலம் கையகப்படுத்தும் சட்டம். பொது நோக்கத்துக்காக நிலத்தை விரைவாகவும் குறைந்த இழப்பீட்டிலும் எடுக்க அரசுக்கு வழிவகுத்தது.
• 1966: வீவகவுக்குள் நகரப் புதுப்பிப்புத் துறை. முதல் தலைவர் ஆலன் சோ.
• 1967: அரசு நிலத்தை ஏலமுறையில் தனியார் மேம்பாட்டுக்குக் குத்தகைக்கு விடும் திட்டம் தொடங்கியது. வழக்கமான காலம் 99 ஆண்டுகள்.
• 1970: கோல்டன் ஷூ எனப்படும் மைய வணிகப் பகுதியில் வாடகைக் கட்டுப்பாட்டை விலக்கும் சட்டம். 1947 முதல் இருந்த வாடகைக் கட்டுப்பாட்டால் உரிமையாளர்கள் பழைய கட்டடங்களைத் தொடாமல் வைத்திருந்தனர். விலக்கு வந்ததும் இடித்துக் கட்டும் வேகம் கூடியது. நாடு முழுவதற்குமான வாடகைக் கட்டுப்பாடு 2001-இல் நீங்கியது.
• 1970: பிரதமர் அலுவலகத்தின் கீழ் மாசுத் தடுப்புப் பிரிவு. தலைமை: லீ எக் தியெங். பின்னாளில் ஆற்றுத் தூய்மைப் பணியை வழிநடத்திய அதிகாரியும் இவரே.
• 1971: முதல் கருத்துநிலைத் திட்டம். ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியுடன் உருவானது. மைய நீர்ப்பிடிப்பைச் சுற்றி வளையமாகப் புதுநகர்கள் அமைவதால் ‘வளையத் திட்டம்’ என்றும் பெயர்.
• 1972: தஞ்சோங் பகார் கொள்கலன் முனையம் தொடங்கியது. ஆற்றுவழிச் சரக்குப் படகுகளின் தேவை அன்றிலிருந்தே குறையத் தொடங்கியது.
• 1974 ஏப்ரல் 1: நகர மறுசீரமைப்பு ஆணையம் தனி அமைப்பானது.

இந்தப் பதினான்கு ஆண்டுத் தயாரிப்பை விட்டுவிட்டு நேரே 1977-இல் தொடங்கும் விடைகள் மதிப்பெண் இழக்கும். குடிபெயர்க்க வீடும், எடுக்க நிலமும், பொறுப்பேற்க அமைப்பும் கையில் இருந்ததால்தான் பத்தாண்டு என்று கெடு வைக்க முடிந்தது.

6. பத்தாண்டுத் திட்டம் (1977–1987)

• 1977 பிப்ரவரி 27: அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் லீ குவான் இயூ கெடு விதித்தார். பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆறு, காலாங் ஆறு இரண்டிலும் தூண்டில் போட்டு மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்பது அவர் சொன்ன அளவுகோல்.
• அளவுகோல் யாருக்கும் புரியும்படி இருந்ததைக் கவனியுங்கள். கரைந்த ஆக்சிஜன் இவ்வளவு என்று சொல்லியிருந்தால் அது ஆய்வகத்தோடு நின்றிருக்கும்.
• ஒரே அமைச்சின் வேலையாக இது நடக்கவில்லை. சுற்றுச்சூழல் அமைச்சு ஒருங்கிணைத்தது. வீவக, நகர மறுசீரமைப்பு ஆணையம், ஜூரோங் நகரக் கழகம், துறைமுக ஆணையம், உற்பத்தி சார்ந்த துறைகள் ஆகியன தத்தம் பங்கைச் செய்தன.

நடந்த வேலைகள்:

• குடும்பங்கள்: சுமார் 26,000 குடும்பங்கள் மறுகுடியமர்த்தப்பட்டன. பெரும்பாலோர் வீவக அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றனர்.
• அங்காடிக்காரர்கள்: சுமார் 5,000 தெருவோர வியாபாரிகள் உணவங்காடி நிலையங்களுக்கும் சந்தைகளுக்கும் மாற்றப்பட்டனர். குழாய்நீர், சாக்கடை இணைப்பு, குப்பை அகற்றும் வசதி அங்கே இருந்தன. நாடு தழுவிய இடமாற்றம் 1986-இல் நிறைவடைந்தது.
• சிறுதொழில்கள்: சுமார் 2,800 பட்டறைகளும் குடிசைத் தொழில்களும் தொழிற்பேட்டைகளுக்குச் சென்றன.
• பண்ணைகள்: இந்த நீர்ப்பிடிப்பில் பன்றி வளர்ப்பு 1982-க்குள் முடிவுக்கு வந்தது.
• படகுகள்: 1983 செப்டம்பரில் சுமார் 800 சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த ஆற்றுவழிச் சரக்குப் போக்குவரத்து அத்துடன் ஓய்ந்தது.
• ஆற்றுப்படுகை: கழிவு மூலங்கள் அடைபட்ட பிறகே குப்பை அகற்றலும் தூர்வாரலும் முழுவீச்சில் நடந்தன. மூழ்கிய படகுகள் எடுக்கப்பட்டன. கரைச்சுவர்கள் சீரமைக்கப்பட்டன.
• 1987 செப்டம்பர்: நிறைவு விழா. பணியில் பங்காற்றிய பத்து அதிகாரிகளுக்குத் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. மீன்களும் இறால்களும் ஆற்றுக்குத் திரும்பியிருந்தன.
• அதே 1987 நவம்பர் 7: சிங்கப்பூரின் முதல் எம்.ஆர்.டி. ரயில் ஓடியது. டிசம்பரில் ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையம் திறந்தது. தூய்மையான ஆறும் விரைவு ரயிலும் நகர மையத்துக்கு ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன.

வரிசை: வீடு → சாக்கடை → அங்காடி, பண்ணை, பட்டறை → படகு → தூர்வாரல் → கடைவீடுகளின் மீட்பு → நடைபாதை, பொழுதுபோக்கு → நீர்த்தேக்கம்.

7. நகர மையம்: இடிப்பிலிருந்து பாதுகாப்புக்கு

• 1960, 70-களின் போக்கு: பழையதை இடி, உயரமாகக் கட்டு.
• 1980-களின் போக்கு: எஞ்சியதைக் காப்பாற்று. சுற்றுலாப் பயணிகள் எண்ணிக்கை 1983-இல் சரிந்தது இந்த மாற்றத்துக்கு ஒரு தூண்டுகோல். கிழக்கத்திய முகத்தை நகரம் இழந்துவிட்டதோ என்ற விவாதம் அப்போது எழுந்தது.
• 1985: சிங்கப்பூர் ஆற்றுக்கான கருத்துத் திட்டம்.
• 1986: பாரம்பரியப் பாதுகாப்புத் திட்டம் அறிவிப்பு.
• 1989 ஜூலை 7: சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், போட் கீ உள்ளிட்ட பகுதிகள் பாதுகாப்புப் பகுதிகளாக அரசிதழில் வெளியிடப்பட்டன. இன்று நாடு முழுவதும் 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இப்பாதுகாப்பில் உள்ளன.

மூன்று படகுத்துறைகள், மூன்று முறைகள்:

• போட் கீ: கடைவீடுகள் தனித்தனி உரிமையாளர்களிடமே இருந்தன. அரசு விதி வகுத்தது. உரிமையாளர்கள் சொந்தச் செலவில் புதுப்பித்தனர். உணவகங்கள் நிறைந்தன.
• கிளார்க் கீ: கிடங்குகள் நிறைந்த பகுதி முழுவதும் ஒரே நிறுவனத்திடம் விடப்பட்டது. 1993-இல் திறப்பு. 2006-இல் வில் ஆல்சோப்பின் வடிவமைப்பில் தெருக்களுக்கு மேல் நிழற்கூரை வந்தது. பெயர்க்காரணம்: ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் (1873–75).
• ராபர்ட்சன் கீ: அடுக்குமாடி வீடுகள், விடுதிகள். மூன்றில் அமைதியானது.

பழைய கட்டடம், புதிய பயன்:

• ஃபுல்லர்டன் கட்டடம் (1928): பொது அஞ்சலகம் → 2001-இல் விடுதி → 2015-இல் தேசிய நினைவுச்சின்னம். ராபர்ட் ஃபுல்லர்டன், நீரிணைக் குடியேற்றங்களின் முதல் ஆளுநர்.
• எம்பிரஸ் பிளேஸ் கட்டடம்: அரசு அலுவலகங்கள் → 2003-இல் ஆசிய நாகரிக அரும்பொருளகம்.
• பழைய நாடாளுமன்றக் கட்டடம் → 2004-இல் கலை இல்லம்.
• பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் → 2015-இல் தேசியக் கலைக்கூடம்.

மெர்லயன் சிலை:

• சிற்பி லிம் நாங் செங். உயரம் 8.6 மீட்டர். 1972 செப்டம்பர் 15-இல் லீ குவான் இயூ திறந்துவைத்தார்.
• 1997-இல் எஸ்பிளனேட் பாலம் வந்தபின் கடற்பக்கப் பார்வை மறைந்தது. 2002-இல் இப்போதைய இடத்துக்கு நகர்த்தப்பட்டது.

8. மரினா விரிகுடாவும் தடுப்பணையும்

• 1970-களில் தொடங்கிய கடல் தூர்ப்பால் ஆற்றின் வாயில் புதிய நிலம் உருவானது. முன்பு திறந்த கடலாக இருந்த இடம் அரைவட்ட விரிகுடாவாகச் சுருங்கியது.
• எஸ்பிளனேட் கலையரங்கு 2002, மரினா பே சேண்ட்ஸ் 2010 (கட்டடக்கலைஞர் மோஷே சஃப்டி), கரையோரப் பூந்தோட்டங்கள் 2012 (101 ஹெக்டேர்).
• மரினா தடுப்பணை: 2008 அக்டோபர் 31-இல் அதிகாரபூர்வத் திறப்பு. 350 மீட்டர் அகலமுள்ள மரினா கால்வாயின் குறுக்கே அமைந்தது.
• உருவான நீர்த்தேக்கம் நாட்டின் 15-ஆவது. நகரின் நடுவில் அமைந்த முதல் நீர்த்தேக்கம். நீர்ப்பிடிப்பு 10,000 ஹெக்டேர், அதாவது நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு.
• மூன்று பயன்கள்: குடிநீர், வெள்ளத் தடுப்பு, பொழுதுபோக்கு.

தடுப்பணை வேலை செய்யும் விதம் (விளக்க வினாவாகக் கேட்கத் தக்கது):

• மொத்தம் 9 எஃகு மதகுகள், 7 பெரிய நீரிறைப்பிகள்.
• சாதாரண நாளில் மதகுகள் மூடியிருக்கும். கடல்நீர் உள்ளே வராது. நன்னீர் வெளியே போகாது.
• பெருமழையின்போது கடல் வற்றமாக இருந்தால் மதகுகளைத் தாழ்த்தி உபரிநீரைக் கடலுக்கு விடுவர்.
• பெருமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வந்தால் மதகைத் திறக்க முடியாது. திறந்தால் கடல்நீர் உள்ளே ஏறும். அப்போது நீரிறைப்பிகள் உபரிநீரைக் கடலுக்குத் தள்ளும். ஒவ்வொன்றின் திறன் நொடிக்கு 40 கன மீட்டர்.
• மழைநீர் தொடர்ந்து சேர்ந்ததால் உவர்ப்பு படிப்படியாக நீங்கி, 2010-இல் நன்னீர்த் தேக்கமாகப் பயன்பாட்டுக்கு வந்தது.

இந்த அணைக்கும் 1977-க்கும் உள்ள தொடர்பு: கழிவு கலக்கும் ஆற்றை மறித்தால் கிடைப்பது கழிவுக் குட்டை. முப்பது ஆண்டுகளுக்கு முன் கழிவு மூலங்களை அடைத்ததால்தான் நகர மையத்து மழைநீரைக் குடிநீராக்க முடிந்தது.

நான்கு தேசிய நீர்க்குழாய்கள் (நீர் ஆதாரங்கள்):

• உள்ளூர் நீர்ப்பிடிப்பு, மலேசியாவின் ஜோகூரிலிருந்து வாங்கும் நீர், புதுநீர் (சுத்திகரித்த கழிவுநீர்), கடல்நீரிலிருந்து பெறும் குடிநீர்.
• ஜோகூருடன் செய்த 1961 ஒப்பந்தம் 2011-இல் முடிந்தது. 1962 ஒப்பந்தம் 2061 வரை நீடிக்கும். நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம்.
• 2006: நீர்நிலைகளை மக்கள் நெருங்கும் இடங்களாக மாற்றும் ஏ.பி.சி. நீர்நிலைத் திட்டம். பொறுப்பு: பொதுப் பயனீட்டுக் கழகம்.
• 2012: பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் 2.7 கி.மீ. கான்கிரீட் கால்வாய், வளைந்தோடும் 3.2 கி.மீ. இயற்கை ஆறாக மாற்றப்பட்டது. இது காலாங் ஆற்றின் பகுதி. சிங்கப்பூர் ஆறு என்று எழுதிவிடாதீர்கள்.

9. விமர்சனங்கள்

• தொழில் இழப்பு: படகோட்டிகள், சுமை தூக்குவோர், பண்ணையாளர் ஆகியோரின் பிழைப்பு மாறியது. கொள்கலன் வந்ததால் படகுத்தொழில் ஏற்கெனவே தேய்ந்திருந்தது; இடமாற்றம் அதை விரைவுபடுத்தியது.
• சமூக உறவுகள்: கம்போங்கில் பழகிய அக்கம்பக்கம் அடுக்குமாடிகளில் சிதறியது. மறுபுறம் குழாய்நீர், கழிப்பறை, மின்சாரம் உறுதியாகக் கிடைத்தன. இரண்டையும் எழுத வேண்டும்.
• நினைவின் இழப்பு: உழைப்பாளர்கள் நிறைந்த ஆற்றங்கரை, உணவருந்துவோரும் சுற்றுலாப் பயணிகளும் வரும் இடமாயிற்று. கடைவீட்டு முகப்பு காக்கப்பட்டது. உள்ளே நடந்த தொழில் காக்கப்படவில்லை. கரையோரத்தில் வைக்கப்பட்டுள்ள வெண்கலச் சிலைகள் அந்த வாழ்க்கையை நினைவூட்டுகின்றன.
• நில அதிகாரம்: 1966 சட்டம் அரசுக்குக் கொடுத்த அளவு அதிகாரத்தைப் பிற மக்களாட்சி நாடுகளில் எதிர்பார்க்க முடியாது. இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் மறுகுடியமர்வையும் சட்டப் பொறுப்பாக்கியுள்ளது.
• சாதகமான மறுபக்கம்: தெருவோர உணவை ஒழிக்காமல் இடம் மாற்றியதால் அது பிழைத்தது. சிங்கப்பூரின் அங்காடி உணவுக் கலாசாரம் 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் தொட்டறிய இயலாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

10. ஒப்பீடு

சியோல், சோங்கேசோன் ஓடை
• 2003 ஜூலையில் பணி தொடக்கம், 2005 அக்டோபர் 1-இல் திறப்பு. நீளம் சுமார் 5.8 கி.மீ.
• ஓடையை மூடியிருந்த சாலையும் அதற்கு மேலிருந்த உயர்மட்ட விரைவுச்சாலையும் அகற்றப்பட்டன.
• அப்போதைய மேயர் லீ மியுங்-பாக், 2008-இல் தென்கொரிய அதிபரானார்.
• ஓடையில் ஓடும் நீரின் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து இறைக்கப்படுவது. இயற்கை ஓட்டம் இல்லை என்பது முக்கிய விமர்சனம்.

அகமதாபாத், சபர்மதி
• சபர்மதி ராஜஸ்தானின் ஆரவல்லி மலைத்தொடரில் பிறந்து காம்பத் வளைகுடாவில் கலக்கிறது. நீளம் 371 கி.மீ.
• ஆற்றங்கரை மேம்பாட்டுக்கு 1960-களில் முதலில் திட்டம் முன்வைத்தவர் கட்டடக்கலைஞர் பெர்னார்ட் கோன். சபர்மதி ஆற்றங்கரை மேம்பாட்டுக் கழகம் 1997-இல் அமைந்தது. வடிவமைப்பாளர் பிமல் படேல்.
• இரு கரைகளிலும் தலா 11 கி.மீ.க்கு மேல் நடைபாதை. 2012 ஆகஸ்ட் 15-இல் பொதுமக்களுக்குத் திறப்பு. ஆற்றுப்படுகையில் சுமார் 200 ஹெக்டேர் நிலம் மீட்கப்பட்டது.
• நகரப்பகுதியில் தேங்கி நிற்பது நர்மதைக் கால்வாய் நீர். வாஸ்னா தடுப்பணை அதைத் தேக்குகிறது.
• பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. மறுகுடியமர்வு குறித்த வழக்கு குஜராத் உயர் நீதிமன்றம் சென்றது. நகருக்குக் கீழே ஆற்றில் கழிவு கலப்பது குறித்து 2021-இல் அதே நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணை தொடங்கியது.
• உடன் நினைவில் கொள்க: அகமதாபாத் பழைய நகரம் 2017-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமானது, இந்தியாவில் முதலாவது.

சென்னை, கூவமும் அடையாறும்
• சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை: 2006-இல் அடையாறு பூங்கா அறக்கட்டளையாகத் தொடங்கி, 2010-இல் இப்பெயர் பெற்றது.
• தொல்காப்பியப் பூங்கா: அடையாறு கழிமுகத்தில் 58 ஏக்கர், 2011 ஜனவரியில் திறப்பு.
• கரையோரக் குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவான குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டதால் வேலை, பள்ளி, பேருந்து ஆகியவற்றில் எழுந்த சிக்கல்களைச் சேர்த்து எழுதுங்கள்.

ஒப்பீட்டின் சாரம்: சியோலில் ஓடைக்கு மேலிருந்ததை அகற்றினர். அகமதாபாத்தில் கரையைக் கட்டி நீரைக் கொண்டுவந்தனர். சிங்கப்பூரில் நீர்ப்பிடிப்பு முழுவதிலும் கழிவின் மூலங்களை இடம் மாற்றினர். நேரம் அதிகம் பிடித்தது மூன்றாவது முறைக்கே; ஆற்றுநீர் குடிநீரானதும் அதில்தான்.

11. குழப்பிக்கொள்ளும் இடங்கள்

• வீவக 1960. நகர மறுசீரமைப்பு ஆணையம் 1974. முன்னதற்குள் பிறந்த துறையே பின்னது.
• தூய்மைத் திட்டம் முடிந்தது 1987. போட் கீ பாதுகாப்புப் பகுதியானது 1989. கிளார்க் கீ திறந்தது 1993.
• தடுப்பணை திறப்பு 2008. நீர்த்தேக்கம் நன்னீரானது 2010.
• பன்றி, வாத்துப் பண்ணைகள் மிகுந்திருந்தது காலாங் வடிநிலத்தில். சரக்குப் படகுகள் மிகுந்திருந்தது சிங்கப்பூர் ஆற்றில்.
• ஐந்தில் ஒரு பங்கு: 1977 திட்டத்தின் நீர்ப்பிடிப்பு. ஆறில் ஒரு பங்கு: மரினா நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்பு.
• ஃபுல்லர்டன் நீரிணைக் குடியேற்றங்களின் முதல் ஆளுநர். கேவனா இந்திய நிர்வாகத்தின் கீழ் கடைசி ஆளுநர்.

12. ஒரு வரி வினா–விடை

1. ஆற்றுத் தூய்மைக்குக் கெடு விதிக்கப்பட்ட நிகழ்ச்சி எது? – அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழா, 1977.
2. சரக்குப் படகுகள் எங்கே மாற்றப்பட்டன? – பாசிர் பாஞ்சாங்.
3. ராஃபிள்ஸ் பிளேஸின் பழைய பெயர்? – கமர்ஷியல் ஸ்குவேர்.
4. மரினா தடுப்பணையின் மதகுகள் எத்தனை? – 9.
5. இந்தியர்களுக்கு 1822 திட்டத்தில் ஒதுக்கிய பகுதி? – சூலியா கம்போங்.
6. மாசுத் தடுப்புப் பிரிவின் தலைவர்? – லீ எக் தியெங்.
7. மெர்லயனைச் செதுக்கியவர்? – லிம் நாங் செங்.
8. அரசு நிலக் குத்தகையின் வழக்கமான காலம்? – 99 ஆண்டுகள்.

கூற்று–காரணம்

கூற்று: சிங்கப்பூர் ஆற்றில் தூர்வாரல் திட்டத்தின் பிற்பகுதியில்தான் முழுவீச்சில் நடந்தது.
காரணம்: கழிவு மூலங்களை அடைக்காமல் தூர்வாரினால் படுகை மீண்டும் மாசுபடும்.
விடை: இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது.

13. முதன்மைத் தேர்வு: விடைச் சட்டகம்

வினா: “ஆற்றங்கரை மேம்பாடு என்பது அடிப்படையில் நில நிர்வாகமே.” தக்க எடுத்துக்காட்டுகளுடன் ஆராய்க. (250 சொற்கள்)

• தொடக்கம்: ஆற்று மாசின் மூலங்கள் நிலத்தில் இருப்பதை ஒரே வாக்கியத்தில் நிறுவுங்கள். 610 பன்றிப் பண்ணைகள், 5,000 அங்காடிக்காரர்கள் என இரண்டு எண் போதும்.
• நடுப்பகுதி 1: முன்தயாரிப்பு (1960–74). வீடு, சட்டம், அமைப்பு.
• நடுப்பகுதி 2: 1977–87 பணிகளின் வரிசையும் பல துறைகளின் ஒருங்கிணைப்பும்.
• நடுப்பகுதி 3: பலன். 1989-க்குப் பின் பாரம்பரியம், 2008-க்குப் பின் குடிநீர்.
• எதிர்வாதம்: இடம்பெயர்ந்தோர் கொடுத்த விலை, அரசின் அபார நில அதிகாரம். சபர்மதி வழக்கையும் 2013 சட்டத்தையும் இங்கே இணையுங்கள்.
• முடிவு: இந்திய நகரங்கள் சிங்கப்பூரின் நடைபாதையை நகலெடுப்பதைவிட அதன் வரிசையை நகலெடுப்பது பயன் தரும். பணியிடத்துக்கு எட்டும் தூரத்தில் மாற்றுவீடு, பிறகு சாக்கடை, பிறகு கரை. மறுகுடியமர்வில் நீதிமன்றமும் மக்களும் பங்கேற்கும் முறை இந்தியாவுக்குக் கூடுதலாகத் தேவை. அதற்கு நேரம் பிடிக்கும் என்பதையும் திட்டக் காலத்திலேயே கணக்கிட வேண்டும்.

பயிற்சிக்கு

• மரினா தடுப்பணை வெள்ளத் தடுப்புக்கும் குடிநீருக்கும் ஒரே நேரத்தில் எவ்வாறு பயன்படுகிறது? (150 சொற்கள்)
• தெருவோர வியாபாரிகளை அகற்றுவதற்கும் இடமாற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிங்கப்பூரின் அனுபவத்தையும் இந்தியாவின் 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டத்தையும் கொண்டு விளக்குக. (250 சொற்கள்)